லயத்து மக்களின் பெயர்கள் எங்கே?

ஆசிரியருக்கு,

தேயிலைத் தோட்ட வரலாற்றைப் புரட்டினால், மலையைத் திருத்தித் தோட்டம் போட்ட துரைமார்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அடிவாரத்திலிருந்து ஏறிவந்து லயங்கள் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்ந்த எங்கள் ஆட்களோ ‘கூலிகள்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகிறார்கள்.

என் அப்பத்தாவின் கணுக்கால் முழுக்க அட்டை கடித்த தழும்புகள், மிளகைத் தூவியதுபோல. தோட்டத்துக்கு ஆள் சேர்த்துவந்த கங்காணியிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. அது தீரவே இல்லை என்பது மட்டும் தெரியும். காய்ச்சலுக்கு மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டால் எதிர்ச்சரிவைக் கைகாட்டுவார். அங்கே இன்று கொழுந்து கிள்ளுகிறார்கள்.

அவர் சொன்னதை நான் அச்சில் முதலில் பார்த்தது பாடநூலில் அல்ல, ஒரு நாவலில். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியது. இரா.முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் கைக்கு அது வந்தது. இரவெல்லாம் படித்தேன், அழுதேன்.

2020 ஆகஸ்டில் மூணாறு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள். அவர்களாவது பெயரோடு செய்தியில் வந்தார்கள்.

தோட்டங்களில் மக்கிக்கொண்டிருக்கும் பழைய ஆள் பதிவேடுகளைக் கேரள, தமிழக அரசுகள் கேட்டு வாங்கிப் பாதுகாக்க வேண்டும். மிச்சமிருக்கும் முதியவர்களின் வாய்மொழியை இந்த ஆண்டே பதிவு செய்ய வேண்டும். எங்கள் லயத்தில் எண்பதைத் தாண்டியவர்கள் இப்போது இரண்டே பேர்தான்.

— ஒரு வாசகர், வண்டிப்பெரியாறு