சனிக்கிழமை நான்கு மணியைத் திருப்பித் தாருங்கள்

மதிப்புக்குரிய ஐஸ் ஹொக்கிக் கழக நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நிர்வாகக் குழுவில் நம்மவர்கள் பலர் இருப்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். 12 வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணியின் பயிற்சி நேரத்தைப் பற்றித்தான். அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களுக்கும் பதில் வராததால் இம்முறை எல்லோரும் பார்க்க எழுத வேண்டியதாயிற்று.

சனி மாலை நான்கு மணி பெரியவர்களின் பொழுதுபோக்கு ஆட்டத்துக்குப் போய்விட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை ஆறு மணி, அதுவும் காரில் நாற்பது நிமிடத் தொலைவில் இருக்கும் அரங்கில். அந்த நேரத்தில் அங்கே போக பஸ் கிடையாது. எங்கள் கோல் காப்பாளருக்கு 11 வயது. தாய் இரவு வேலை முடிந்து வீடு வர ஏழு மணியாகும். அவர்களிடம் கார் இல்லை. முதல் இரண்டு வாரம் நான் ஏற்றிப் போனேன். விடிவதற்கு முன்னே, உறைகுளிரில், தன்னளவு உயரமான பையைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுக்குமாடி வாசலில் காத்து நின்றாள். காருக்குள் ஏறியும் அவளுக்கு விரல்கள் மடங்கவில்லை. சறுக்குச் சப்பாத்தின் கயிற்றை என் மகள்தான் கட்டிவிட்டாள். மூன்றாம் வாரம் அவள் வரவில்லை. உங்களுக்குச் சிரமம் தர விருப்பமில்லை என்று தாய் தொலைபேசியில் சொன்னார். அன்று பிள்ளைகள் ஒரு மணி நேரம் வெறும் வலைக்குள் அடித்துப் பழகினார்கள்.

கழக வாசலில் கனடா பெண்கள் அணியின் படம் பெரிதாகத் தொங்குகிறது. 1990இல் ஒட்டாவாவில் நடந்த முதல் உலகக் கிண்ணம் தொடங்கி 2004 வரை எட்டுப் போட்டிகள். எட்டையும் வென்ற அணி. 2002 முதல் 2014 வரை நான்கு ஒலிம்பிக் தங்கம் தொடர்ச்சியாக, 2022இல் ஐந்தாவது. 2014 சொச்சி ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் 0-2 என்று பின்தங்கி நின்று, ஒரு நிமிடம்கூட மீதமில்லாத வேளையில் மரி-ஃபிலிப் பூலின் சமன்செய்து, மேலதிக நேரத்தில் அவரே வென்று கொடுத்ததைப் பின்னாளில் காணொளியிலாவது பார்த்து என் மகளைப் போல எத்தனை பிள்ளைகள் மட்டை தூக்கினார்கள்!

அந்த 1990ஆம் ஆண்டு அணியில் ஐந்து ஆட்டங்களில் 11 கோல் அடித்தவர் ஏஞ்சலா ஜேம்ஸ். நம்முடைய ரொறன்ரோவில், ஃபிளெமிங்டன் பார்க்கில், தனித்து நின்று பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயின் மகள். அவருக்குக் கிடைத்த பனித்தளம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. எங்கள் கோல் காப்பாளரையும் ஒரு தாய்தான் தனியாக வளர்க்கிறார். அவளுடைய பனித்தளத்தை நாற்பது நிமிடத் தொலைவுக்குக் கொண்டுபோனவர்கள் நீங்கள்.

பெண்களின் ஆட்டம் என்றால் எப்போதும் இப்படித்தான். ஆண்பிள்ளைகள் அணியில் தகுதியோடு இடம்பிடித்த ஜஸ்டின் பிளேனி என்ற சிறுமி, ஆட அனுமதி கேட்டு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. 1986இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அவள் பக்கம் நின்றது. 1990 ஒட்டாவா போட்டியில் நாட்டுக்காக ஆட வந்தவர்களுக்குக் கூட்டம் சேர்க்க இளஞ்சிவப்புச் சட்டை மாட்டினார்கள். 2019இல் கனடாவின் பெண்கள் லீக்கை இழுத்து மூடினார்கள். 2024இன் முதல் நாளில் புதிய லீக் ரொறன்ரோவில் தொடங்கும்வரை, உலகத்தை வென்ற பெண்களே நிலையான லீக் இல்லாமல் இருந்தார்கள். இத்தனைக்கும் பிறகு, அரங்கில் ஒரு மணி நேரம் தேவைப்பட்டதும் உங்கள் கை முதலில் நீண்டது சிறுமிகளின் நேரத்தை நோக்கித்தான். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கோபத்தில் எழுத்து எங்கோ போய்விட்டது, மன்னியுங்கள். உங்களில் பலர் சம்பளம் இல்லாமல் உழைப்பவர்கள் என்பதை அறிவேன். பெரியவர்கள் ஆடுவதற்கும் நான் எதிரியல்ல. அவர்களிடம் கார் இருக்கிறது, ஞாயிறு காலை அவர்களால் போக முடியும். எங்கள் பிள்ளைகளுக்குச் சனி மாலை நான்கு மணியைத் திருப்பித் தாருங்கள்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். அந்தப் பிள்ளையின் தாயும் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு என்னுடன் வரச் சம்மதித்திருக்கிறார். இந்த மாத முடிவுக்குள் பதிலை எழுத்தில் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அணியில் ஆடும் சிறுமி ஒருத்தியின் தாய்
ஸ்காபரோ