வாளால் வென்றவனுக்கு முடி உரியதா?

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள நண்பருக்கு வணக்கம்.

கிள்ளானில் நீங்களும் அண்ணியாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு அனைவரும் நலம். மூத்த மகள் ஈப்போவுக்கு மாற்றலாகி வந்துவிட்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் பேரப்பிள்ளைகளால் வீடு நிறைந்துவிடுகிறது. கோவில் மண்டபத்தில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்காக நடத்திவரும் வாசிப்பு வகுப்பும் தடையின்றி நடக்கிறது. நீங்கள் அனுப்பிய மிகைபுனைவுப் புதினத்தின் கையெழுத்துப் படியை நான் படித்து முடித்ததோடு, அதன் கடைசி அத்தியாயங்களை வகுப்பிலும் வாசிக்கச் செய்தேன். படகோட்டியின் மகன் ஏழு நாட்டுத் தளபதிகளையும் வாட்போரில் வென்று, இரத்தம் உலராத வாளை அரியணைப் படியில் சாய்த்துவிட்டு அமரும் இடத்தில் மாணவர்கள் கைதட்டினார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இனி நான் எழுதப்போவது அந்த இடத்தைப் பற்றிய என் மறுப்பு.

“தன் கையால் வென்றவனைவிட முறையான அரசன் வேறு யார்?” என்று உங்கள் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். பிறப்பால் வரும் முடியைவிடத் திறமையால் வரும் முடி மேலானது என்பது உங்கள் வாதம். அந்த வாதத்தின் நியாயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர்கள் நாம். பால்மரம் வெட்டுகிறவனின் மகன் பால்மரம்தான் வெட்ட வேண்டும் என்று ஊரே நம்பிய காலத்தின் வால்பகுதியைக் கண்ணால் பார்த்தவர்கள். “உன் குலம் என்ன?” என்ற கேள்வி எந்தக் கதையில் வந்தாலும், கேட்கப்பட்டவன் பக்கமே நம் மனம் சாய்கிறது.

அந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுவது மகாபாரதத்தின் அரங்கேற்றக் காட்சியில்தான். அருச்சுனனுக்கு நிகராக வில்வித்தை காட்டிய கர்ணனிடம் கிருபர் குலத்தைக் கேட்கிறார். அவன் தலை கவிழ்கிறது. அப்போது துரியோதனன் சொல்லும் விடையை உங்கள் புதினத்தின் விடை என்றே சொல்லலாம். அரச குலத்தில் பிறந்தவன், வீரன், படையை நடத்துகிறவன் ஆகிய மூவருக்கும் அரசுரிமை உண்டு என்று நூல்கள் கூறுவதாக அவன் வாதிடுகிறான். அந்த இடத்திலேயே கர்ணனை அங்க நாட்டுக்கு முடிசூட்டுகிறான். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கும் நெஞ்சு நிமிரும். ஆயினும் அந்த அரங்கில் அங்க நாட்டு மக்கள் எங்கே இருந்தார்கள்? அவர்களுடைய அரசன் ஓர் அத்தினாபுரத்து மைதானத்தில், ஒரு வில்லாளி தேவைப்பட்ட இளவரசனால், ஒரு நாழிகைக்குள் நியமிக்கப்பட்டான். அந்த முடி கர்ணனை மக்களோடு பிணைக்கவில்லை, துரியோதனனோடு பிணைத்தது. அதன்பின் கதை நெடுகிலும் நாம் காண்பது நண்பனின் கடனை அம்பால் தீர்க்கும் வீரனைத்தான். அங்க நாட்டு வயலையும் வழக்கையும் கவனிக்கும் அரசனைக் காண்பது அரிது.

அதே காட்சியில், எல்லாரும் வில்லைப் பேசிவிட்டுக் கடந்துபோகும் ஒரு நொடி இருக்கிறது. முடிசூட்டு நீர் உலராத தலையோடு கர்ணன் நிற்கும்போது, தேரோட்டியான வளர்ப்புத் தந்தை அதிரதன் வியர்வை வழிய, கோலூன்றி, தடுமாறிக்கொண்டு அரங்குக்குள் நுழைகிறார். கர்ணன் வில்லை விட்டுவிட்டு, அந்த ஈரத் தலையை அவர் காலடியில் வைத்து வணங்குகிறான். பீமன் நகைக்கப் போகிறான் என்பது தெரிந்தும் வணங்குகிறான். இவன் அரசனாகத் தக்கவன் என்று என்னை நம்பவைப்பது அந்த வணக்கமே. அதற்கு முன் அவன் எய்த அம்புகள் அனைத்தும் அவன் எவ்வளவு ஆபத்தானவன் என்பதை மட்டுமே எனக்குச் சொல்கின்றன.

மேலை நாட்டு மிகைபுனைவில் நீங்கள் உயர்த்திப் பேசும் டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ பெருங்கதையும் இதையே வேறு வழியில் காட்டுகிறது. 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அந்நூலில் அரகார்ன் வாளெடுத்து அரியணையை மீட்டவன் என்றுதான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பெரும்போரில் வென்ற அன்று மாலை அவன் தன் கொடியைச் சுருட்டிவிட்டு, கோட்டைக்குள் உரிமையோடு நுழைய மறுத்து, மதிலுக்கு வெளியே கூடாரம் அடிக்கிறான். பிறகு உள்ளே அழைக்கப்படுவது மருத்துவ மனைக்கு. அங்கு ஓர் இலையைக் கசக்கி வெந்நீரில் இட்டு, சாகக் கிடப்பவர்களின் பெயரைச் சொல்லி அழைத்து, இரவு நெடுநேரம் நோயாளிகளைப் பார்க்கிறான், விடியுமுன் வெளியேறிவிடுகிறான். அரசன் வந்துவிட்டான் என்ற பேச்சு ஊருக்குள் அந்த இரவில்தான் பரவுகிறது. இறுதியில் முடிசூட்டும் நாளிலும் அரசனில்லாத நாட்டின் ஆட்சிப் பொறுப்பாளனான ஃபராமிர் மக்களை நோக்கி, இவர் அரசராக நகருக்குள் வரலாமா என்று கேட்கிறான். அவர்கள் ஒரே குரலில் ஆம் என்ற பிறகே முடி. பழைய அரச குலத்து வாரிசு என்ற தூணையும் டோல்கீன் நட்டு வைத்திருக்கிறார் என்பது உண்மை. அந்தத் தூண் எனக்குப் பிடித்தமானதன்று. ஆனால் அது மட்டும் போதாது என்பதை அவர் அறிந்திருக்கிறார்.

அதே நூலின் பின்னிணைப்பில் எயார்நூர் என்றொரு மன்னன் வருகிறான். கோண்டோர் நாட்டின் பழைய அரச வரிசையில் கடைசி ஆள். அவனைப் போன்ற மல்லன் அந்நாட்டில் இல்லை, ஆயுதப் பயிற்சியைத் தவிர வேறு எதிலும் அவனுக்கு நாட்டம் இல்லை, மணமும் செய்துகொள்ளவில்லை. பகைவன் தனிப்போருக்கு அழைத்துச் சீண்டுகிறான். முதல் முறை அமைச்சர் தடுத்துவிடுகிறார். மறுமுறை அழைப்பு வந்தபோது, சிறு துணையோடு பகைவனின் கோட்டைக்குப் போனவன் திரும்பவே இல்லை. வாரிசில்லாத அந்த அரியணை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வெறுமையாகக் கிடக்கிறது. உங்கள் படகோட்டியின் மகனைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவன் இந்த எயார்நூர்தான். ஏழு தளபதிகளை வென்றவனை எட்டாவது ஒருவன் நாளை அறைகூவி அழைத்தால் அவன் என்ன செய்வான்? போகாமல் இருக்கும் ஆற்றல் அவனுக்கு உண்டு என்பதற்கு உங்கள் புதினத்தில் ஒரு வரிகூட இல்லை.

புறநானூற்றின் 312 ஆம் பாடலில் பொன்முடியார் கடமைகளைப் பங்கிடும் முறையைப் பாருங்கள். பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோன் ஆக்குவது தந்தைக்கு, வேல் வடிப்பது கொல்லனுக்கு என்று சொல்லி வருபவர், “நன்னடை நல்கல் வேந்தற்குக் கடனே” என்கிறார். களிற்றை வெட்டி வீழ்த்தி மீள்வதை அவர் காளைக்குத் தருகிறார், வேந்தனுக்குத் தரவில்லை. மறக்குடியின் வீரத்தைச் சொல்லும் மூதின்முல்லைத் துறைப் பாடல் அது. போரைப் போற்றும் குரல்தான். அக்குரலுக்கே இரண்டும் வேறு வேறு வேலைகள் என்பது தெளிவாக இருந்திருக்கிறது.

சிலப்பதிகாரத்துப் பாண்டியனைவிட இதற்குப் பெரிய சான்று நமக்கு வேண்டியதில்லை. ஆரியப்படை கடந்தவன் என்று பெயர் பெற்ற நெடுஞ்செழியன் போர்த்திறமையில் யாருக்கும் குறைந்தவன் அல்லன். அவன் செங்கோல் வளைந்தது களத்தில் அன்று; அரண்மனையில், ஒரு பொற்கொல்லன் சொல்லை விசாரிக்காமல் நம்பிய கணத்தில். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது, “யானோ அரசன் யானே கள்வன்” என்று சொல்லி அவன் உயிர் விடுகிறான். அவன் வென்ற போர்களில் ஒன்றுகூட அந்த இடத்தில் அவனுக்குத் துணை வரவில்லை. வழக்கோடு ஒரு பெண் வாயிலில் வந்து நிற்கும்போது அரசுரிமை முழுவதும் மறுபடி கேள்விக்குள்ளாகிறது என்று இளங்கோவடிகள் அறிந்திருந்தார்.

நம் மாணவர்கள் தேசிய மொழிப் பாடத்தின் வழியாக அறிந்த, ‘ஹிகாயாட் ஹங் துவா’ என்னும் மலாய்க் காவியத்து வீரன் ஹங் ஜெபாட்டை எடுத்து வாதிட்டார்கள். நண்பன் ஹங் துவாவுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக எழுந்தவன், தாமிங் சாரி என்னும் புகழ்பெற்ற கிரிசுக் குத்துவாள் கையில் உள்ளவன், சுல்தானே அரண்மனையை விட்டு வெளியேறும்படி செய்தவன். அவன் ஏன் அரசனாகக் கூடாது என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆனால் துவாவின் கையால் காயம்பட்ட பின் ஜெபாட் காயத்தைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் வெறிகொண்டு ஓடியதையும், இந்த வழக்கில் எந்தத் தொடர்பும் இல்லாத மக்கள் பெருந்தொகையாக அவன் கையால் மடிந்ததையும் அந்தக் காவியமே சொல்கிறது. இதைச் சொன்னதும் வகுப்பு சற்று அடங்கியது. படிவம் நான்கில் படிக்கும் ஒரு மாணவி உங்கள் புதினத்துக்குத் திரும்பி, “தோற்ற ஏழு தளபதிகளின் குடும்பங்களுக்கு இனி யார் சோறு போடுவார்கள், ஐயா?” என்று கேட்டாள். அதற்கு விடை தேடி உங்கள் கடைசி அத்தியாயத்தை மீண்டும் புரட்டினோம், கிடைக்கவில்லை.

போர் சூழ்ந்த நாட்டுக்குக் காக்கத் தெரிந்தவன் வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். வேண்டும். வள்ளுவரும் வேந்தனின் இயல்புகளை எண்ணும்போது அஞ்சாமையைத்தான் முதலில் வைக்கிறார். ஆனால் ஈகையும் அறிவும் ஊக்கமும் அதன் பின் வருகின்றன. நான்கும் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறார். அஞ்சாமை இல்லாதவன் அரசனாக நிலைக்க மாட்டான் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அஞ்சாமை இருப்பதாலேயே ஒருவன் அரசன் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் வளர்ந்த தோட்டத்தில் சிலம்பத்தில் யாரும் நெருங்க முடியாத ஓர் ஆசான் இருந்தார். திருவிழாவில் கம்பின் நுனியில் மை தடவி ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் சட்டையில் விழுந்த கறைகளை எண்ணுவார்கள். ஆசானின் சட்டை வெள்ளையாகவே இருக்கும். ஆனால் குழாயடியில் தண்ணீர் முறை பற்றிச் சண்டை மூண்டால் லயத்து மக்கள் அவரிடம் போனதில்லை. பால் கொட்டகையில் வேலை பார்த்த, குரல் உயர்த்திப் பேசாத ஒரு பெரியவரிடம் போனார்கள். அவர் இரு தரப்பையும் கேட்டுவிட்டுக் குழாயடிக்கே நடந்து போய், ஒரு தவலை நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று நின்று பார்ப்பார். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு முதல் முறை என்று சொல்வார். தம் மகனுக்கு எதிராகவும் ஒருமுறை தீர்ப்புச் சொன்னார். ஆசானும் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தம் குடத்தை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்ததைச் சிறுவனாக நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் தெருவுக்கு வரும் நிலை உண்டானபோது, இந்தச் சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாளிகளிடம் பங்குப் பணம் திரட்டி, அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார். இயற்றலும் ஈட்டலும் காத்தலும் வகுத்தலும் என்று குறள் அரசுக்குச் சொல்லும் நான்கு வேலைகளையும், ஒரு கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவரும் பாட்டாளிகளும் செய்து காட்டினார்கள். இதை உங்கள் கதைக்குள் அப்படியே கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லவில்லை. வீரம் எங்கே முடிகிறது, ஆட்சி எங்கே தொடங்குகிறது என்பதை நாம் இருவரும் புத்தகத்தில் மட்டும் படித்தவர்கள் அல்லர் என்பதை நினைவூட்டவே எழுதுகிறேன்.

ஆகவே உங்கள் புதினத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். வாட்போர் அத்தியாயங்களில் ஓர் எழுத்தையும் குறைக்க வேண்டாம். இடக்கையால் வாளை மாற்றிப் பிடிக்கும் அந்த இடம் மிக அருமை. ஆனால் ஒன்பதாம் அத்தியாயத்தில் உப்பளத்துக் கிழவி ஒருத்தி வருகிறாள். படைகள் மிதித்து அழித்த பாத்திகளுக்கு யார் ஈடு தருவார்கள் என்று கேட்கிறாள். நம் வீரன் பதில் சொல்லாமல் குதிரை ஏறிவிடுகிறான். அந்தப் பாத்திகளை மிதித்தது அவனுடைய படையே என்பதை நீங்களே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவளைக் கடைசி அத்தியாயத்துக்குக் கொண்டுவாருங்கள். அவன் அரியணையில் அமருமுன் அவள் வந்து நிற்கட்டும். வாளால் தீர்க்க முடியாத அந்த வழக்கில், தானே குற்றவாளியாக நின்றுகொண்டு, அவன் என்ன சொல்கிறான் என்பதை எழுதுங்கள். அவன் ஈடு தந்த பிறகு, உப்பளத்து மக்கள் அவனை ஏற்பதா மறுப்பதா என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்லவிடுங்கள். அவர்கள் மறுத்தாலும் உங்கள் புதினம் கெட்டுவிடாது. எனக்கு அது இன்னும் பிடிக்கும்.

மாணவர்கள் மாற்றி எழுதிய அத்தியாயத்துக்காகக் காத்திருக்கிறார்கள். தட்டச்சு செய்ய நேரமில்லை என்றால் கையெழுத்திலேயே அனுப்புங்கள், நான் படியெடுத்துக் கொடுக்கிறேன். பள்ளி விடுமுறையில் இந்தப் பக்கம் வந்தால் வகுப்பில் நீங்களே வாசிக்கலாம். கேள்வி கேட்ட அந்த மாணவியை முன்வரிசையில் உட்காரவைக்கிறேன். அண்ணியாருக்கு எங்கள் வணக்கத்தைத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு நண்பன்