ஆள் எடுத்தால் போதாது, பணிப்பட்டியலும் மாறவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுங்கத் துறையில் பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் கூடுதலாகச் சேரவேண்டும் என்ற பேச்சு பெரும்பாலும் ஆள்சேர்ப்போடு நின்றுவிடுகிறது. சேர்ந்தவரை எந்த ஷிப்டில், எந்த வேலையில் உட்காரவைக்கிறார்கள் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

விமான நிலையத்தை எடுத்துக்கொள்வோம். பெண் பயணியைப் பெண்தான் சோதிக்கவேண்டும் என்கிறது 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 102-வது பிரிவு. அருமையான பாதுகாப்பு அது. ஆனால் வெளிநாட்டு விமானங்கள் அடுத்தடுத்து இறங்கும் நள்ளிரவில் ஷிப்டுக்கு ஒரே பெண் அதிகாரி என்றால், கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு ஒவ்வொரு சோதனைக்கும் அவரே ஓடவேண்டும். வாக்குமூலம் வாங்குவது, மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவு) எழுதுவது, புலனாய்வு எல்லாம் அவர் கைக்கு வருவதே இல்லை. பிற்பாடு, அனுபவம் போதாது என்று சொல்லி முக்கியப் பிரிவுகளிலிருந்து அவரையே தள்ளிவைக்கிறார்கள். ஷிப்டுக்குக் குறைந்தது மூன்று பெண்கள் வேண்டும்: ஒருவர் சோதனைக்கு, ஒருவர் அவருக்கு மாற்றாக, ஒருவர் முழுக்க வழக்குப் பணிக்கு. இந்தப் பணிகளில் மூவரும் வாரம் ஒருமுறை இடம் மாறவேண்டும்.

கன்டெய்னர்களை வைத்துச் சோதிக்கும், சி.எஃப்.எஸ். எனப்படும் சரக்குப் பெட்டக நிலையங்களில் சிரமம் வேறு விதம். கன்டெய்னரைத் திறந்து சரக்கைப் பார்க்கப் போகும் பெண் எக்ஸாமினருக்குக் கழிப்பறை இல்லாத இடத்தில், அவர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பார். இதற்குப் புதுச் சட்டமோ தனி நிதியோ வேண்டியதில்லை. சுங்கப் பகுதிகளில் சரக்கு கையாள்வது பற்றிய 2009-ம் ஆண்டு விதிமுறைகளின்படி, அதிகாரிகளுக்கான அலுவலக இடத்தை நிலையத்தை நடத்துபவரே இலவசமாகத் தரவேண்டும். அனுமதியைப் புதுப்பிக்கும் கோப்பிலேயே பெண்கள் கழிப்பறை, ஓய்வறை, சாய்தளம் மூன்றையும் சேர்த்து, நேரில் பார்த்த பிறகு கையெழுத்திட்டால் போதும். சாய்தளத்தின் சரிவு 1:12 இருக்கிறதா என்று அளந்து பார்க்கவேண்டும். 1:12 என்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். இடமில்லை என்று ஐந்தடியில் சிமென்ட் பூசி முடித்தால், சக்கர நாற்காலி பின்பக்கம் சாய்ந்துவிடக்கூடும். கதவின் அகலம் 900 மி.மீ. இல்லாவிட்டால் சாய்தளம் ஏறியும் பயனில்லை.

பாலியல் தொல்லை தருபவர் சுங்க ஊழியராக இல்லாமல் சுங்க முகவராகவோ லாரி ஓட்டுநராகவோ இருந்தாலும், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டப்படி நடவடிக்கைக்கு வழிசெய்வது துறையின் கடமை. இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் உறுப்பினர் பட்டியல் சி.எஃப்.எஸ். வாயிலிலும் தொங்கவேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு இன்று பெரிய வாய்ப்பு, 'ஃபேஸ்லெஸ்' மதிப்பீடு. 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூருவிலும் தொடங்கிய இந்த முறையில், இறக்குமதியாளரை நேரில் சந்திக்காமல், அவர் தாக்கல்செய்யும் சரக்கு விவரப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியைத் திரையில் பார்த்தே முடிவெடுக்கலாம், துறைமுகத்துக்கு நடக்கவேண்டாம். பணிக்காலத்தில் உடற்குறை நேர்ந்தவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே ஊதியத்தில் வேறு பணி தரவேண்டும் என்ற 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவை நிறைவேற்ற இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. தடை வேறெங்கோ இருக்கிறது. சுங்க ஆவணங்களை இணையத்தில் பதிவேற்றும் இ-சஞ்சித்தில் ஏறும் இன்வாய்ஸ் ஸ்கேன் செய்த வெறும் படமாக இருந்தால், பார்வையற்ற அதிகாரிக்குத் திரையிலுள்ளதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பு மென்பொருள் அதில் ஒரு சொல்லைக்கூடப் படிக்காது. படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருளை அதிகாரியின் கணினியில் நிறுவலாம். ஆனால் மங்கலான ஸ்கேனில் அது 8-ஐ 3 என்று படித்தால் வரியே மாறிவிடும். தொகைகளைச் சரிபார்க்க உதவியாளர் ஒருவர் கட்டாயம் தேவை. எழுத்தைத் தெரிவுசெய்ய முடிகிற பி.டி.எஃப். கோப்பையே இறக்குமதியாளரிடம் கேட்டுப் பெறுவதுதான் நிலையான தீர்வு.

இடமாற்றத்தில் இன்னொரு இழப்பு. அதிகாரி புதுப் பிரிவுக்குப் போகிறார். அவருக்கென்று வாங்கிய மென்பொருளும் நாற்காலியும் பழைய பிரிவின் இருப்புப் பதிவேட்டிலேயே தங்கிவிடுகின்றன. திரும்ப வாங்கப் புதுக் கோப்பு, மாதக்கணக்கில் காத்திருப்பு. அந்தப் பொருள்களை அதிகாரியின் பெயரில் பதிந்து, மாறுதல் ஆணையிலேயே குறிப்பிட்டு, அவரோடு அனுப்பவேண்டும்.

இப்படிக்கு,
சுங்கத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றோர் சிலர்,
சென்னை