வேலி இருந்த இடத்தைக் காட்டித் தந்தவருக்கு

கிளிநொச்சி மாவட்டத்து முகமாலையில் உள்ள எங்கள் காணி திரும்பக் கைக்கு வந்து இன்றுடன் 9 நாட்கள் ஆகின்றன. எங்களுக்கு நேர்ந்ததை ஊர் அறியும். நான் ஒரு காலோடு நடப்பதையும் எல்லோரும் காண்கிறீர்கள். அவற்றை இங்கே மீண்டும் எழுதப்போவதில்லை. கையளிப்பு நாளன்று நன்றி சொல்ல எழுந்து நின்றபோது அழுகைதான் வந்தது. அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்லவே இம்மடல்.

மிதிவெடி அகற்றிய அணியில் இருந்த ஒரு பெண்ணுக்கே இந்த நன்றியின் பெரும்பகுதி உரியது. பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் தங்கச்சி என்றே குறிப்பிடுகிறேன்.

2000 முதல் 2009 வரை போரின் முன்னரங்கு ஓடிய நிலத்தில் எங்கள் காணியும் அகப்பட்டது. தென்னைகள் போயின, வீடு போயிற்று, மண் அணை ஒன்று காணியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சென்றது. காணி உறுதி கையில் இருந்தாலும் அது எல்லையாகச் சொல்வது வடக்கே இன்னார் காணி, கிழக்கே இன்னார் காணி என்பதைத்தான். அந்த இன்னார்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை, மீதிப் பேர் கடல் கடந்துவிட்டார்கள். அப்பாவின் காணிக்கும் பெரியப்பாவின் காணிக்கும் நடுவே வேலி இருந்தது எனக்கு நினைவிருந்தது. ஆனால் வெறும் மண்ணாகக் கிடந்த அந்த வெளியில் அது எங்கே ஓடியது என்று எவராலும் காட்ட முடியவில்லை. ஒரு முழ நிலத்துக்காக வேலிச் சண்டை பிடித்துப் பல தலைமுறைக்குப் பேசாமல் போன குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ உண்டு. இத்தனை வருடம் காத்திருந்து காணிக்குள் கால் வைக்கும்போது நாங்களும் அப்படிப் பிரிந்துவிடுவோமோ என்ற பயம் எனக்குள் இருந்தது. அதை நான் வெளியில் சொன்னதில்லை.

பிளாஸ்டிக் உடல் கொண்ட சிறிய வெடிகளும் மரப்பெட்டிக்குள் வைத்த ஜொனி வெடிகளும் கலந்து கிடந்த அந்த மண்ணில், முகக்கவசமும் கனத்த காப்பங்கியும் அணிந்து, வெயிலில் முழந்தாளிட்டு, ஒரு மீற்றர் அகலப் பாதையில் இரும்பு வாரியால் மெல்ல மெல்ல மண்ணை வழித்துக்கொண்டு போனவர் அவர். வழியில் ஒரு பூவரசு அடிக்கட்டை தென்பட்டிருக்கிறது. சிறிது தூரத்தில் இன்னொன்று, அதே நேரில் மற்றொன்று. தானாக முளைத்த மரங்கள் வரிசையில் நிற்பதில்லை என்பது ஒரு கமக்காரரின் மகளுக்குத் தெரியாதா? பொறுப்பதிகாரியிடம் கேட்டு, ஒவ்வொரு கட்டையையும் சுற்றித் தோண்டிச் சோதித்த பின்னர், பிடுங்கத் தேவையில்லாதவற்றை அப்படியே விட்டுத் துணிக்கிழிசல் கட்டி அடையாளம் வைத்திருக்கிறார். மதிய உணவு வேளைகளில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியின் தாளில், கிணற்றுக்கட்டில் இருந்து அடியளந்து, 37 கட்டைகளையும் ஒவ்வொரு புள்ளியாக வரைந்திருக்கிறார்.

கையளிப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அந்தத் தாளை என் கையில் தந்து, "அக்கா, இது உங்கட வேலியாத்தான் இருக்க வேணும்" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

நிதி தந்தவர்களுக்குப் போகும் அறிக்கையில் எத்தனை சதுர மீற்றர், எத்தனை வெடிகள் என்று கணக்கு இருக்கும். வேலியைப் பதிவதற்கு அதில் இடம் இருக்காது. ஆயினும் அந்த நிதி வராவிட்டால் தங்கச்சி அங்கே முழந்தாளிட்டிருக்கவும் மாட்டார். அவருடைய சம்பளம், முகத்தை மறைத்த கவசம், ஒழுங்கையில் காத்து நின்ற அம்புலன்ஸ் எல்லாம் எங்களைக் கண்டிராத மனிதர்கள் தந்த பணம். ஆகவே ஜப்பான், நோர்வே, பிரித்தானியா, அமெரிக்கா, கனடா முதலான நாடுகளின் மக்களுக்கும், 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த காலம் தொட்டு வடக்கில் இப்பணி நடக்கக் காரணமானவர்களுக்கும், ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய மிதிவெடி அகற்றும் அமைப்புகளின் பணியாளர்கள் அனைவருக்கும் ஒருசேரக் கைகூப்புகிறேன். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி 2028 ஜூன் முதலாம் திகதிக்குள் நாட்டின் நிலம் முழுவதும் துப்புரவாக வேண்டும். நிதி முடிந்துவிட்டது என்று வேலை நின்ற மாதங்களில், ஆபத்து எல்லையைக் காட்டும் சிவப்பு முனைத் தடிகளுக்கு அப்பால் எங்கள் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். இன்னும் அப்படி நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

என் காலுக்காகப் பணம் சேர்த்த கனடா, இலண்டன் ஊரவர்களுக்கும், 1987 முதல் கால் இழந்தோரை நடக்க வைத்துவரும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தாருக்கும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். செயற்கைக் கால் ஒருமுறை போட்டால் முடிந்துவிடும் காரியம் அன்று. எஞ்சிய கால் மெலிய மெலிய அதைத் தாங்கும் கிண்ணம் பொருந்தாமல் புண்படுத்தும். சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், வளரும் பிள்ளை என்றால் அதற்கும் முன்னதாக. கடைசி வெடியை எடுத்த பின்னும் நாங்கள் இருப்போம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் மறக்கவில்லை.

இப்போது வைக்கும் தென்னம்பிள்ளைகள் காய்க்க ஐந்தாறு வருடம் செல்லும். அதுவரை கச்சான் போட எண்ணியிருக்கிறோம். ஒவ்வொரு வருடமும் முதல் மூட்டையின் விலை ஜெய்ப்பூர் நிலையத்துக்கு, இன்னொருவரின் காலுக்கு. தென்னை காய்த்தபின் முதல் பறிப்பும் அவ்வாறே. இதை நேர்த்தியாக வைத்துப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன்.

பெரியப்பாவின் மகன் பிரான்சில் இருக்கிறார். அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பினேன். அந்த வரிசைதான் எல்லை என்று அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். சில கட்டைகள் இப்போதே துளிர்த்திருக்கின்றன. இடையில் விடுபட்ட இடங்களுக்கு ஐப்பசி மழையோடு கதியால், அதாவது வேலியாகத் துளிர்க்கும் தடிகள், போடுகிறோம். தங்கச்சி, அன்று நீங்களும் வரவேண்டும். 22 ஆம் கட்டைக்கும் 23 ஆம் கட்டைக்கும் நடுவே அகன்ற இடைவெளியைக் கண்டு அங்கே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தீர்கள். அது கடப்பு, வேலியில் ஆள் போய்வர விட்ட வழி. பெரியம்மா கூழ்ச்சட்டியோடு அந்த வழியாகத்தான் எங்கள் வளவுக்கு வருவார். அந்த இடத்தில் நாங்கள் கதியால் நடவில்லை.