பத்திரமா வை

மச்சான்,

கேட்ட படத்தை இன்னும் அனுப்பவில்லையே என்று திட்டியிருப்பாய். காரணத்தைக் கேட்டால் இன்னும் திட்டுவாய். படத்தைத் திருத்துகிற மென்பொருளையே நான் வீட்டில் உட்கார்ந்து கம்பைல் பண்ணிக்கொண்டிருந்தேன், அதாவது எழுதிய மூலநிரலிலிருந்து ஓடும் மென்பொருளாகக் கட்டிக்கொண்டிருந்தேன்.

சிங்கப்பூர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் நம் அப்பாக்கள் நின்று எடுத்துக்கொண்ட படம்தான். ஸ்கேன் பண்ணிப் பார்த்தால் மடிப்புக் கோடு சரியாக உன் அப்பா முகத்தில் ஓடுகிறது. என் பழைய லேப்டாப்பில் ஓடுவது உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளம். அதன் மென்பொருள் நிறுவியான ஆப்ட் வழியாகக் கிடைப்பது படம் திருத்தும் கிம்ப் மென்பொருளின் 2.10 பதிப்புதான், 3.0 வெளிவந்தது 2025 மார்ச்சில். பிளாட்பேக் என்ற இன்னொரு வழியில் புதுசு ஆயத்தமாகவே கிடைக்கும், தெரியும். ஆனால் ஒரு தடவையாவது மூலநிரலிலிருந்து கட்டிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

கிம்பை நேராகக் கட்ட முடியாது. முதலில் நிறங்களை மாற்றித் தரும் பேபல், அப்புறம் படக் கணக்கையெல்லாம் போடுகிற ஜெகில், கடைசியில்தான் கிம்ப். பேபல் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அடுத்து ஜெகிலுக்குப் போனால், "பேபலைக் காணோம்" என்கிறது! இப்போதுதானே போட்டேன்? இரண்டு ராத்திரி போனது. நான் லிப் என்ற அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) இருக்கும் என்று நினைத்துப் பாதை கொடுத்திருந்தேன். உபுண்டுவில், கட்டுவதற்கு ஏற்பாடு செய்கிற மேசன் என்ற கருவி அதற்கும் உள்ளே, கணினி வகையின் பெயரில் இன்னோர் அடைவு போட்டு அங்கே வைத்துவிடுகிறது. இவற்றைத் தேடித் தருகிற பிகேஜி-கான்ஃபிக் கருவியின் பாதையில் அந்த ஒரு பெயரைச் சேர்த்ததும் ஓடியது. கிம்ப் கட்டும்போது விசிறி போட்ட சத்தத்தில், "ராத்திரி பதினோரு மணிக்கு யார் மிக்சி போடுறது?" என்று உள்ளேயிருந்து குரல். கட்டும் வேலையை ஓட்டுகிற நிஞ்சா என்ற கருவி, கணினிச் செயலியின் எல்லாக் கோரையும் பிடித்துக்கொள்ளும். இரண்டு போதும் என்று சொல்லி மறுபடி ஓட்டினேன்.

காசு மிச்சம் ஒன்றும் இல்லை, கிம்ப் எப்படியும் இலவசம். இனி புதுப் பதிப்பு வந்தால் யாரும் தானாக ஏற்றித் தரவும் மாட்டார்கள், மூன்றையும் நானே திரும்பக் கட்ட வேண்டும். ஆனால் கேள். மூலநிரலுக்குள் மொழிபெயர்ப்புகளுக்கென்று ஓர் அடைவு இருக்கிறது. தமிழுக்கு ஒரு கோப்பு. ஆங்கிலம் ஒரு வரி, அதன் கீழே தமிழ் ஒரு வரி. சேமிப்பதற்கு இருந்த சொல்லை எடுத்துவிட்டு, "பத்திரமா வை" என்று எழுதினேன். இந்தப் படத்தை என் கையில் கொடுத்தபோது அம்மா சொன்னது அதுதான். நிஞ்சா மாற்றியதை மட்டும்தான் திரும்பக் கட்டும், சில நொடிதான். மெனுவைத் திறந்தால் அம்மா பேசுகிறார். எந்த ஆப் ஸ்டோர் மச்சான் இதைத் தரும்?

படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன் அப்பாவின் இடது காதை மட்டும் பக்கத்து ஆளைப் பார்த்துத் தோராயமாக வரைந்திருக்கிறேன், சரியா பார். வலது கோடியில் தொப்பியோடு நிற்பவர் யார் என்று உன் அம்மாவிடம் கேட்டுச் சொல். இங்கே யாருக்கும் தெரியவில்லை.