சத்துவாச்சாரியில் சைக்கிளை நிறுத்திய பெரியவருக்கு நன்றி

ஐயா, ஞாயிற்றுக்கிழமை வேலூர் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில், சிவப்பு எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ்) காரின் டேஷ்போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவன் நான்தான். 1964 வண்டி, மாமா விட்டுப்போனது. நடுவிலிருந்த மூடித்தகட்டைக் கழற்றிவிட்டு, அந்தக் காலத்து ரேடியோமொபைல் கார் ரேடியோ செட்டை உள்ளே தள்ளியாகிவிட்டது. கனெக்‌ஷன் கொடுக்கப் போகும்போதுதான் சைக்கிளை நிறுத்தினீர்கள்.

"தம்பி, மொதல்ல பேட்டரிய கழட்டு. பாடில இன்னா மாட்டிகீது, பிளஸ்ஸா மைனஸ்ஸா?"

பிளஸ்! 1967 வரை வந்த எம்ஜிபி எல்லாம் அப்படித்தானாம். செட்டோ மைனஸ் எர்த்தில், அதாவது மைனஸ் பாடியில் மாட்டிய வண்டிக்கு ஏற்றபடி இருந்தது. செட்டின் பக்கவாட்டிலிருந்த சின்ன பிளக்கைப் பிடுங்கித் திருப்பிப் போட்டீர்கள். ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் பண்ணினால் டிரான்சிஸ்டர் போய்விடும் என்று ஒரு அதட்டல் வேறு. (இரண்டு வீடியோ பார்த்து மெக்கானிக் ஆனவனுக்குத் தேவைதான்.) பிறகு ஏரியலைச் செருகி, மீடியம் வேவில் கரகரத்த 720-ல் முள்ளை நிறுத்தி, ஏரியலுக்கு ஏற்ப செட்டைச் சரிசெய்யும் தீக்குச்சித் தலை அளவு ஸ்க்ரூவைக் கால் திருகு திருப்பினீர்கள். இரைச்சல் அடங்கி, சென்னை வானொலி கணீரென்று வந்தது.

காசு நீட்டினேன், டீ போதும் என்றீர்கள். அதையும் பாதியில் வைத்துவிட்டு, பேத்திக்கு மருந்து வாங்கணும் என்று கிளம்பிவிட்டீர்கள். உங்கள் டெஸ்டர் என் சீட்டில் கிடக்கிறது, ஐயா. அவரைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்.