புகார்: நைட் டிராப் தெர்மோஸ்டாட் கோளாறு, கஸ்டமர் கேர் அலட்சியம், பாம்புக்கு நெஞ்சு சளி

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயத்தை போன்ல சொல்லி, சாட்ல சொல்லி, மெயில்ல சொல்லி அலுத்துப் போச்சு, ஒவ்வொரு தடவையும் புதுசா ஒருத்தர் வந்து "உங்க பிரச்சனை என்ன சார்"னு முதல்ல இருந்து கேக்கறாரு. அதனால இதை மேல இருக்கறவங்க யாராவது முழுசா படிங்க, தயவு செஞ்சு.

உங்க டிம்மிங் தெர்மோஸ்டாட், அதாவது ஹீட்டருக்குப் போற கரண்ட்டைக் கூட்டிக் குறைச்சு சூட்டை ஒரே அளவுல வைக்கற கருவி, அதுல ராத்திரி மட்டும் சூட்டைத் தானா இறக்கற நைட் டிராப் இருக்கற மாடல், அதைத்தான் என் கார்பெட் பைத்தான் (ஒரு வகை மலைப்பாம்பு) கூண்டுக்கு மாட்டியிருக்கேன். கரண்ட் ஒரு செகண்ட் போய் வந்தா போதும், கடிகாரம் 00:00ல மினுக்கிட்டே நின்னுடுது, நாமளா போய் செட் பண்ற வரைக்கும் நகராது, நைட் மோட்லயே கிடக்குது. அதாவது ராத்திரி 21 டிகிரி, பகல்லயும் 21 டிகிரி. சரி அலாரம் அடிக்கும்ல? அடிக்காது. ஏன்னா உங்க மிஷின் கணக்குல அது இன்னும் ராத்திரி, 21 கரெக்ட். இதை டிசைன் பண்ணவர் கூலிங் நேரத்துல, அதாவது ஜோடி சேர்க்கறதுக்காக ராத்திரிச் சூட்டை இறக்கி வைக்கற நேரத்துல, ஒரு பாம்பையாவது பாத்திருப்பாரா?

உள்ள தனியா ஒரு தெர்மாமீட்டர் வெச்சிருந்ததாலதான் எனக்கே தெரிஞ்சுது, மேக்ஸ் ரீடிங் 22ஐ தாண்டவே இல்ல. அதுக்குள்ள ஆண் பாம்பு தலையை மேல தூக்கி வெச்சுக்கிட்டு வாயைத் திறந்து மூச்சு விட ஆரம்பிச்சுடுச்சு, மூக்குல சளி குமிழ். பாம்புக்கு நம்மள மாதிரி உதரவிதானம் கிடையாது, சளியை இருமித் தள்ள முடியாது, உள்ளயே தேங்கும். டாக்டர்கிட்ட ஓடி இப்போ ஆன்டிபயாடிக் ஊசி போயிட்டிருக்கு, கூலிங்கை நிறுத்திட்டு ராத்திரியும் பகலும் சூட்டுல வெச்சிருக்கேன். இந்த சீசன் போச்சு சார். ஒரு பெண் பைத்தான் முட்டை வைக்கற அளவுக்கு வளரவே மூணு நாலு வருஷம், அத்தனை நாள் பொறுத்திருந்து கடைசியில ஜோடி சேர்க்க முடியாம நிக்கறேன், என் மொத்த உழைப்பையும் உங்க ஒரு டப்பா நாசம் பண்ணிடுச்சு.

இதுல என்னால மறக்கவே முடியாதது உங்க ஆள் ஒருத்தர் பேசுன பேச்சு. பேரு கேட்டேன், சொல்லல. "குளிர்காலத்துல பாம்பு எப்படியும் தூங்கத்தானே சார் போகுது, அதுக்கு எதுக்கு ஹீட்டு, ஆஃப் பண்ணி வைங்களேன்"னு சொல்லிட்டு பக்கத்துல யார்கிட்டயோ சிரிக்கறாரு. லைன்ல எனக்குக் கேக்குது! கார்ன் ஸ்நேக்கை 10, 12 டிகிரியில மாசக்கணக்குல தூங்க வைப்பாங்க, அது வேற. பைத்தானை அப்படி வைக்க மாட்டாங்க. ராத்திரி மட்டும்தான் இறக்கணும், அதுவும் படிப்படியா, பகல்ல சில மணி நேரமாவது ஒரு மூலையில 30, 31 டிகிரி கிடைச்சே ஆகணும், இல்லன்னா இதே மாதிரி சளி பிடிக்கும். எலி குடுக்கறதையும் முன்னாடியே நிறுத்தி வயிறு காலியானப்புறம்தான் நான் இறக்கவே ஆரம்பிச்சேன், வயித்துல இரையோட இந்த 21ல மாட்டியிருந்தா செரிக்காம உள்ளயே அழுகியிருக்கும். நைட் டிராப் பட்டனே இதுக்காகத்தானே வெச்சிருக்கீங்க? உங்க டப்பா மேல போட்டிருக்கற படமே மலைப்பாம்புதான்!

அதுக்கு முன்னாடி சர்வீஸ் சென்டர் கூத்து ஒண்ணு இருக்கு. பில், டப்பா, சூட்டை அளக்கற புரோப் வயர் எல்லாம் எடுத்துட்டு நேர்ல வாங்கன்னீங்க. வந்தேன். ஒரு பல்பை சொருகினாரு, எரிஞ்சுது, "நல்லாத்தானே ஓடுது"ன்னுட்டாரு. பிளக்கை ஒரு தடவை பிடுங்கி மாட்டிப் பாருங்க, அதுதானே பிரச்சனைன்னு கெஞ்சறேன், லன்ச் டைம்னு எழுந்து போயிட்டாரு. ஆனா "கஸ்டமர் சமாதானமானார்"னு டிக்கெட்டை க்ளோஸ் பண்ண மட்டும் நேரம் இருந்துது. யாருங்க சமாதானமானது?

உங்க கம்பெனி மேல எனக்கு மரியாதை உண்டு, பழைய ஆன்-ஆஃப் மாடல் இன்னிக்கு வரைக்கும் கண்ணு மாதிரி ஓடுது, நோயாளி கூண்டுல இப்போ அதைத்தான் மாட்டியிருக்கேன். அதனாலதான் இன்னும் பொறுமையா எழுதறேன். எனக்கு வேண்டியது: முழு பணம் திரும்ப, டாக்டர் செலவு, அப்புறம் அந்த போன் ரெக்கார்டிங்கை நீங்களே ஒரு தடவை கேக்கணும். இந்த வாரத்துக்குள்ள எழுத்துல பதில் வரலன்னா நுகர்வோர் கோர்ட்டுக்குத்தான் போவேன், கடிகாரம் மினுக்கற வீடியோ, தெர்மாமீட்டர் போட்டோ, டாக்டர் சீட்டு எல்லாம் பத்திரமா இருக்கு. பாம்பு வளக்கற எல்லா குரூப்லயும் அந்த வீடியோவைப் போடுவேன். அந்த அளவுக்குக் கொண்டு போக வேணாம்னுதான் கேட்டுக்கறேன்.

இன்னொண்ணு, இது அவசரம். இதே மாடல் பெண் பாம்பு கூண்டுலயும் ஓடுது. கரண்ட் போனா டே மோடுக்கே திரும்பற மாதிரி வைக்க மெனுல எங்கயாவது வழி இருக்கா இல்லையா? பணத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம், இதுக்கு மட்டும் இன்னிக்கே யாராவது விஷயம் தெரிஞ்சவங்க பதில் போடுங்க.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர்